பூசணி பீரில் பூசணி எங்கே? பீப்பாயில் ஊறிய பீரை ருசிக்கும் முறை

பூசணி பீர் என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, அதில் பூசணி ருசி இருக்குமா என்பதுதான். பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் மெல்லியதாக, பின்னால் எங்கோ இருக்கும். அதே பீரை ரம்மோ போர்பன் விஸ்கியோ இருந்த ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுத்தால் பூசணி இன்னும் உள்ளே போய்விடும். வெனிலா, கிராம்பு, பட்டை, கருப்பட்டி, ரம், தேங்காய் என்று வேறு வாசனைகள்தான் முன்னால் வந்து நிற்கும். எனவே இந்த பீரை ருசிப்பது என்றால், கோப்பையிலிருந்து வருகிற ஒவ்வொரு வாசனையும் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப் பார்ப்பதுதான். காயிலிருந்தா, மசாலாவிலிருந்தா, முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டிலிருந்தா, பீப்பாயின் மரத்திலிருந்தா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் முதல் முறை குடிப்பவருக்கும் இந்த பீர் பிடிபட்டுவிடும்.

இது முழுக்க முழுக்க அமெரிக்கக் கதை. அங்கே குடியேறிய ஆங்கிலேயர்களுக்குத் தொடக்கத்தில் பார்லி மால்ட் எளிதில் கிடைக்கவில்லை. சர்க்கரையோ மாவுச்சத்தோ உள்ள எதையும் நொதிக்க வைக்கலாம் என்று கையில் கிடைத்ததை எடுத்தார்கள். பூசணி அந்த மண்ணின் காய், எங்கும் விளைந்தது. அமெரிக்கத் தத்துவக் கழகம் 1771இல் வெளியிட்ட ஒரு செய்முறை இப்படிப் போகிறது: பூசணியைத் தொட்டியில் போட்டு இடிக்க வேண்டும், ஆப்பிளைப் பிழிவதுபோல் சாறு பிழிய வேண்டும், செப்புக் கலத்தில் நெடுநேரம் கொதிக்கவிட்டு நார் மிஞ்சாதபடி மேலே திரள்வதை அள்ளிப்போட வேண்டும். அப்புறம் பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைச் சேர்த்து, ஆறவைத்து, மால்ட் பீர் போலவே நொதிக்கவிட வேண்டும். அவ்வளவுதான். அதில் பட்டையும் இல்லை, கிராம்பும் இல்லை. அந்தக் காலத்தில் பூசணி ருசிக்காகச் சேரவில்லை, மால்ட்டுக்கு மாற்றாக வந்தது. பார்லி தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் பூசணி பீர் வழக்கொழிந்து போனது.

அதை மீட்டவர் பில் ஓவன்ஸ். புகைப்படக் கலைஞராக இருந்து மதுவடிப்புக்கு வந்தவர். கலிஃபோர்னியாவின் ஹேவர்டில் 1983இல் பஃபலோ பில்ஸ் என்ற மதுக்கூடத்தைத் தொடங்கினார். பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்கும் இடம். அமெரிக்காவில் அந்த வகையில் மிக முந்தியவற்றில் அதுவும் ஒன்று. ஜார்ஜ் வாஷிங்டன் காலத்து பீரில் பூசணி இருந்ததாகப் படித்துவிட்டு, 1980களின் நடுவில் அவரும் பூசணியைச் சுட்டு, வெந்நீரில் ஊறும் மால்ட்டில் போட்டு பீர் காய்ச்சிப் பார்த்தார். வந்த பீரில் பூசணி ருசியே இல்லை. கடைக்குப் போய், பூசணிப் பை (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்யப் பயன்படும் மசாலாத் தூளை வாங்கிவந்து, அதைக் கொதிக்கவைத்து அந்தச் சாற்றை பீரில் ஊற்றினார். இன்று நாம் குடிக்கும் பூசணி பீரின் ருசி அங்கேதான் பிறந்தது.

அந்த மசாலாவை மெக்கார்மிக் நிறுவனம் 1934 முதல் கலந்து விற்கிறது. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு போல் மணக்கும் ஆல்ஸ்பைஸ் என்ற காய், இவைதான் அதன் உயிர். தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நாள் விருந்தில் பூசணிப் பை சாப்பிட்டு வளர்ந்த அமெரிக்கருக்கு இந்த மசாலா வாசனை வந்தாலே பூசணி நினைவுக்கு வந்துவிடும். அந்தப் பழக்கம் இல்லாத நமக்கு அதே கோப்பை வேறு நினைவைக் கிளப்பும். கேசரியோ பிரியாணியோ ஞாபகம் வரலாம். இது ஒரு குறையே இல்லை. உண்மையில் நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு இவற்றைத் தனித்தனியாக முகர்ந்து பழகிய மூக்கு நம்முடையது. கலவையைப் பிரித்துப் பார்க்க அது நன்றாக உதவும்.

காயின் பங்கு என்ன?

அப்படியானால் பூசணியை எதற்குப் போட வேண்டும்? ருசி குறைவு என்பதால் வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டப்பாவில் வரும் பூசணி விழுதில் பெரும்பகுதி டிக்கின்சன் என்ற வெளிர்நிறப் பூசணி. தாவரவியல்படி அது நம் ஊர் பரங்கிக்காயின் இனமேதான். ஹாலோவீனுக்கு முகம் வெட்டி விளக்கு வைக்கும் ஆரஞ்சுப் பூசணி வேறு, அது பெரும்பாலும் வெறும் நீரும் நாரும். பீருக்கு அது அவ்வளவாக ஆகாது.

பரங்கியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் மாவுச்சத்து. அதை மால்ட்டுடன் சேர்த்து 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால், மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் பின்னால் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். பூசணி விழுது சேர்ந்த ஊறல் களி மாதிரி இறுகிக்கொள்ளும், சாறு கீழே இறங்காது. அதற்காக நெல் உமியைக் கலப்பார்கள். உமி இடைவெளி விடுவதால் சாறு வடியும்.

சுட்டுப் போட்ட பூசணி லேசான கேரமல் வாசனை தரும். இளம் ஆரஞ்சு நிறமும், நாக்கில் ஒரு வழவழப்பும் சேரும். ருசியைத் தேடினால் வேகவைத்த பரங்கியின் அந்த மண் கலந்த இனிப்பு, விழுங்கிய பிறகு ஓரிரு நொடி தெரியலாம். தெரியாமலும் போகலாம். அமெரிக்க மதுவடிப்பாளர் சங்கத்தின் பீர் வகைப் பட்டியலில் பூசணி பீர் ஒன்றாகவும் பூசணி மசாலா பீர் வேறொன்றாகவும் பிரிக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். மசாலா இருக்கிறதா, காய் இருக்கிறதா என்பது நிஜமாகவே இரண்டு வேறு கேள்விகள்.

பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது?

போர்பன் விஸ்கிக்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. உட்புறம் கரிக்கப்பட்ட புதிய ஓக் பீப்பாயில்தான் அதை வைக்க வேண்டும். ஒரு முறை போர்பன் வைத்த பீப்பாய் மறுபடி போர்பனுக்கு ஆகாது. ஒவ்வொன்றும் 53 அமெரிக்க கேலன், ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். இப்படிக் காலியாகும் பீப்பாய்கள் ஸ்காட்லாந்து விஸ்கிக்குப் போகின்றன, கரீபிய ரம்முக்குப் போகின்றன, 1990கள் முதல் பீருக்கும் வருகின்றன. பீரை போர்பன் பீப்பாயில் ஊறவைக்கும் வழக்கத்தைப் பரப்பியது சிகாகோவின் கூஸ் ஐலண்ட் மதுவடிப்பகம். அவர்கள் போட்டது பூசணி பீர் அல்ல, கன்னங்கரேலென்ற ஸ்டவுட் வகை பீர். பூசணிக்காரர்கள் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பீப்பாய் வெறும் பாத்திரம் இல்லை. காலி செய்த பிறகும் மரத்துக்குள் பல லிட்டர் சாராயம் ஊறிக் கிடக்கும். பீரை ஊற்றியதும் அது மெல்ல வெளியே வந்து கலக்கும், ஆல்கஹால் அளவு ஏறும். வெயில் காலத்தில் பீர் விரிந்து மரத்துக்குள் போகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். ஒவ்வொரு முறையும் மரத்திலிருந்து எதையாவது கரைத்துக்கொண்டு வரும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை நெருப்பு உடைத்ததில் பிறந்தது வெனிலின், அதாவது வெனிலா வாசனை. ஓக்கிலேயே உள்ள லாக்டோன்கள் தேங்காய் வாசனை தரும், அமெரிக்க வெள்ளை ஓக்கில் இவை அதிகம். மரத்தில் உள்ள சர்க்கரைகள் கருகி கேரமலாகும். டேனின்கள் துவர்ப்பைக் கொடுக்கும். இடையிடையே மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றும் உள்ளே வரும். அது அளவோடு இருந்தால் பேரீச்சை, உலர்திராட்சை போன்ற வாசனைகள் வரும். அளவு மீறினால் பீர் கெடும்.

எனக்கு இந்த பீரில் மிகவும் பிடித்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். கிராம்புக்கு அந்த வாசனையைக் கொடுப்பது யூஜெனால் என்ற சேர்மம். ஆல்ஸ்பைஸிலும் முக்கியமானது அதுதான். அதே யூஜெனால் ஓக் மரத்திலும் இருக்கிறது, மரத்தைச் சுடும்போது இன்னும் கொஞ்சம் கூடுகிறது. அப்படியானால் கோப்பையில் கிராம்பு மணக்கும்போது அது மசாலாவா, மரமா? இரண்டும் ஒரே பொருள் என்பதால் மூக்கால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. துணைக்கு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். கிராம்போடு பட்டையும் ஜாதிக்காயும் வந்தால் மசாலாப் பக்கம். கிராம்போடு வெனிலாவும் தேங்காயும் லேசான புகையும் வந்தால் மரத்தின் பக்கம். பூசணி மசாலாவும் ஓக் பீப்பாயும் இவ்வளவு நன்றாகப் பொருந்துவதற்கும் இதுவே காரணம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் ஏற்கெனவே இருக்கிறது. வெறும் மசாலா பீரில் துருத்திக்கொண்டு நிற்கும் கிராம்பு, பீப்பாயில் ஊறியதில் மரத்தோடு சேர்ந்து உருண்டையாகிவிடும்.

ரம் பீப்பாயா, போர்பன் பீப்பாயா என்பதும் வித்தியாசம் காட்டும். ரம் பீப்பாய்களில் பல, முதலில் போர்பன் இருந்தவை. முதல் வெனிலாவையும் தேங்காயையும் போர்பன் எடுத்துக்கொண்டு போயிருக்கும். மிஞ்சியதோடு ரம்மின் கரும்புப்பாகு, பழுத்த வாழைப்பழம் போன்ற வாசனைகள் சேரும். கொலராடோவின் போல்டரில் உள்ள ஏவரி மதுவடிப்பகம் இரண்டையும் செய்து காட்டியது. ரம்ப்கின் என்பது ரம் பீப்பாயில் ஊறிய, ஏல் வகைப் பூசணி பீர். Pump[KY]n என்பது போர்பன் பீப்பாயில் ஊறிய, போர்ட்டர் என்ற அடர்நிற வகைப் பூசணி பீர். இரண்டும் ஒயினைத் தாண்டிய காட்டம் உடையவை, 15 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஆல்கஹால் இருந்தது.

சரி, எப்படிக் குடிப்பது?

முதலில் அளவு. 15 சதவீத பீர் 355 மில்லி பாட்டில் ஒன்றில் 53 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. சாதாரண 5 சதவீத பீர் 330 மில்லியில் இருப்பது பதினாறரை மில்லி. அதாவது ஒரு சின்ன பாட்டில், மூன்று சாதாரண பீருக்குச் சமம். ஒரு பாட்டிலை மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 120 மில்லி வரும், ருசி பார்க்க அது தாராளம். வண்டி ஓட்டவேண்டியவர் அன்றைக்கு முகர்வதோடு நிறுத்திக்கொள்ளட்டும். உண்மையில் பாதி ருசி முகர்வதில்தான் இருக்கிறது.

பெரிய பீர் குவளை வேண்டாம். அடி அகன்று வாய் குறுகிய காம்புக் கோப்பை நல்லது, சாதாரண ஒயின் கோப்பையே போதும். குறுகிய வாய் வாசனையைப் பிடித்து வைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது.

குளிர்ச்சி மிக முக்கியம். பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் கசப்பும் துவர்ப்பும் மட்டுமே தெரியும், வாசனைகள் உறங்கிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து வைத்து 10 டிகிரிக்கு வந்ததும் தொடங்குங்கள். அரை மணி நேரம் வைத்துக் குடித்தால் 15 டிகிரியைத் தொடும். அந்த அரை மணியில் பீர் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதே பெரிய பாடம். குளிரில் மசாலா முன்னால் நிற்கும். சூடு ஏற ஏற வெனிலாவும் சாராயமும் மேலே வரும். காயின் அந்த மண் இனிப்பு கடைசியில், கோப்பை அறைச் சூட்டை நெருங்கும்போதுதான் பெரும்பாலும் எட்டிப் பார்க்கும்.

நிறத்தைப் பாருங்கள், ஆனால் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். செம்பு முதல் அடர் பழுப்பு வரை இருக்கும். நுரை குறைவாக இருந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆல்கஹால் அதிகமான பீரில் நுரை நிலைக்காது.

முகரும்போது மூக்கைக் கோப்பைக்குள் விடாமல், முதலில் நாலு விரல் தள்ளி வைத்து மெதுவாக இழுங்கள். நேரடியாக உள்ளே விட்டால் ஆல்கஹால் நெடி மூக்கை மரக்கச் செய்துவிடும். அப்புறம் கோப்பையை லேசாகச் சுழற்றி, கிட்டே கொண்டுபோங்கள். பக்கத்தில் சின்னக் கிண்ணங்களில் கொஞ்சம் பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு துண்டு ஜாதிக்காய், ஒரு சொட்டு வெனிலா எசன்ஸ் வைத்துக்கொள்ளலாம். பீரை முகர்ந்துவிட்டுக் கிண்ணத்தை முகருங்கள், மறுபடி பீருக்கு வாருங்கள். "ஏதோ மசாலா" என்று மங்கலாக இருந்தது, இது பட்டை, இது ஜாதிக்காய் என்று பிரிந்து நிற்கத் தொடங்கும்.

இனி ஒரு சின்னப் பரிசோதனை. மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடித்து வாயில் வையுங்கள். இனிப்பு தெரியும், கசப்பு தெரியும், டேனினால் ஈறு இழுப்பது தெரியும், ஆல்கஹால் நாக்கைச் சுடுவது தெரியும். வேறு எதுவும் தெரியாது. விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். வெனிலா, கிராம்பு, ரம் எல்லாம் ஒரே மூச்சில் வந்து சேரும். அவை நாக்கில் இல்லை, தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனைகள். இன்னொன்றும் கவனியுங்கள். மூக்கை விட்டதும் பீர் திடீரென்று அதிகம் இனிப்பதுபோல் இருக்கும். சர்க்கரை அதே அளவுதான். வெனிலாவையும் பட்டையையும் இனிப்புப் பண்டங்களோடு சேர்த்தே சாப்பிட்டுப் பழகியதால், அந்த வாசனை வந்தாலே மூளை இனிப்பைக் கூட்டிக்கொள்கிறது. இந்த பீர் திகட்டுகிறது என்று சொல்பவர்கள் பலர் உண்மையில் இந்த வாசனையைத்தான் சொல்கிறார்கள்.

விழுங்கிய பிறகு எது கடைசிவரை நிற்கிறது என்று பாருங்கள். நல்ல பீரில் மசாலா, மரம், மால்ட் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலகும். சுக்கின் காரம் மட்டும் தொண்டையில் தங்கினால் மசாலா கூடிவிட்டது என்று அர்த்தம். மரக்குச்சியைக் கடித்ததுபோல் வாய் காய்ந்தால் பீப்பாயில் இருந்த காலம் அதிகம். சாராய எரிச்சல் மட்டும் மிஞ்சினால், பீப்பாயின் பலத்தைத் தாங்கும் அளவுக்கு அடிப்படை பீரில் மால்ட் இல்லை. இந்தக் கடைசிக் குறையைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். பூசணி பீர் மெலிதாக இருந்தால் பீப்பாய் அதை விழுங்கிவிடும். பிறகு குடிப்பது தண்ணீர் கலந்த ரம்தான்.

தெளிவான பழுதுகளும் உண்டு. வினிகர் நெடி என்றால் காற்று புகுந்து அசிட்டிக் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை ஆக்சிஜனால் வந்த முதுமை. நகப்பூச்சு அழிக்கும் திரவம் போல் வந்தால் அதுவும் கெட்ட அறிகுறியே. ஆனால் புளிப்பு எல்லாமே பழுதல்ல. மிச்சிகனின் ஜாலி பம்ப்கின் மதுவடிப்பகம் ஓக்கில் ஊறிய புளிப்பு பீர்களுக்கே பேர்போனது, அவர்களின் லா பார்செலா பூசணி போட்ட புளிப்பு பீர். மெயின் மாநிலத்தின் அலகாஷ் மதுவடிப்பகம், ஹாலோவீன் அன்று காய்ச்சிய பூசணி பீரைத் திறந்த அகலத் தொட்டியில் இரவு முழுக்க ஆறவிட்டு, காற்றில் வரும் நுண்ணுயிர்களையும் சேரவிட்டு நொதிக்கவைத்து ஓக்கில் வைத்தது. அங்கே மரம் வெனிலா கொடுப்பதற்காக இல்லை, நுண்ணுயிர்கள் குடியிருப்பதற்காக. லேபிளில் புளிப்பு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதல் முறை ருசிப்பவருக்கு என் யோசனை, ஒரே மதுவடிப்பகத்தின் சாதாரண பூசணி பீரையும் பீப்பாய் வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிப்பது. நியூயார்க் மாநிலத்தின் சதர்ன் டியர், 8.6 சதவீத ஆல்கஹால் உள்ள பம்ப்கிங் என்ற பூசணி பீரையும் அதையே ரம் பீப்பாயில் ஊறவைத்த வகையையும் வெளியிட்டிருக்கிறது. சாதாரணத்தில் தொடங்குங்கள், பீப்பாய்க்குப் போங்கள், திரும்பவும் சாதாரணத்துக்கு வாருங்கள். இரண்டாவது முறை அதில் இல்லாமல் போனது எதுவோ, அதுதான் பீப்பாய் கொடுத்தது. ஆயிரம் விளக்கம் படித்தாலும் இந்த ஒரு ஒப்பீட்டுக்கு ஈடாகாது.

பாட்டிலை வருடக்கணக்கில் சேர்த்து வைக்கலாமா என்றும் கேட்பார்கள். காட்டமான பீர் எளிதில் கெட்டுப்போகாது, ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. மசாலா வாசனைதான் முதலில் மங்கும். பட்டையும் ஜாதிக்காயும் போய் மரமும் உலர்பழமும் மிஞ்சும். மசாலாவுக்காக வாங்கியிருந்தால் அந்த ஆண்டே திறந்துவிடுங்கள். வைப்பதானால் இருட்டில், குளுமையான இடத்தில், படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

கூடச் சாப்பிட பூசணிப் பை வேண்டாம். இனிப்பின் மேல் இனிப்பு ஏறி, பீர் கசப்பாகவும் காட்டமாகவும் தெரியும். நாள்பட முதிர்ந்த செடார் சீஸ், உப்புப் போட்டு வறுத்த பெக்கான் கொட்டை அல்லது முந்திரி, இவை சரியாக இருக்கும். உப்பு கசப்பை அடக்கும், கொழுப்பு ஆல்கஹாலின் சூட்டைத் தணிக்கும், மால்ட் தெளிவாக மேலே வரும்.